நாம் முடிவு செய்யாமல் விட்ட எஞ்சின்

இன்று காலை சர்வீஸுக்கு ஒரு வண்டி வந்தது. வெளிநாட்டில் இருக்கும் யாரோ ஒருவருடையது. அவர் ஊருக்கு வரும்வரை போர்த்தியே வைத்திருந்தார்களாம். டேங்கைக் கழற்றி உள்ளே கிடந்த பழைய பெட்ரோலைத் தட்டில் வடித்தபோது அந்த வாடை எழுந்தது. கெட்டுப்போன பெட்ரோலின் வாடை உனக்குத் தெரியாததா? வார்னிஷும் புளித்த பழமும் கலந்த மாதிரி, மூக்கோடு நிற்காமல் தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். உன் ஞாபகம் வந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. உன் விஷயத்தில் எனக்கு இந்த இரண்டும் தனித்தனியாக வந்ததே இல்லை.

இறந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். நானும் முயன்று பார்த்தேன். முதல் வரி எழுதுவதற்குள் உன்னோடு போட்ட சண்டைதான் பேனாவில் இறங்கியது. சரி, அதையே எழுதுகிறேன். நீயும் அதைத்தான் படிக்க விரும்புவாய்.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் நாம் இரண்டு பேர்தான். நான் முடித்தேன். நீ பாதியில் கல்யாணமாகிப் போனாய். பிறகு பார்த்தால், உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறார், நீ மாடுகளுக்குச் சினை ஊசி போடும் பயிற்சியை முடித்துவிட்டு வெண்ணாற்றுக்கும் வெட்டாற்றுக்கும் நடுவில் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறாய். நான் தஞ்சாவூரில் ஒரு மோட்டார் சைக்கிள் ஷோரூமில் சர்வீஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னை ஊர்களில் ஊசிக்காரம்மா என்றார்கள். யாராவது போன் செய்து "மாடு கத்துதுங்க, வாங்க" என்றால் நீ சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுக் கிளம்ப வேண்டும். பருவத்துக்கு வந்த மாடு உனக்காகக் காத்திருக்காது. சில மணி நேரம்தான். தவறினால் அடுத்த பருவத்துக்கு மூன்று வாரம் போகும். அதுவரை அந்த வீட்டுக்காரர்கள் தீனி போட்டுக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அப்போது உன்னிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். காலுக்கு நடுவே தளத்தில் நைட்ரஜன் ஜாடியை வைத்துக் கயிறு கட்டிப் போவாய். விந்துக் குச்சிகள் அந்த ஜாடிக்குள் உறைந்தபடி இருக்க வேண்டும். ஜாடி சாயக்கூடாது, சாய்ந்தால் உள்ளே இருப்பது புகையாகப் போய்விடும். ஒரு மழை நாளில் வெட்டாற்றுக் கரையில் அந்தச் சின்னச் சக்கரம் சேற்றில் புதைந்து வண்டி சாய்ந்தது. ஜாடி உருண்டது. நீ சேற்றோடு சேறாக எங்கள் சர்வீஸ் பிரிவுக்கு வந்து நின்றாய். வாடிக்கையாளர்கள் உட்காரும் சோபாவில் உட்காரச் சொன்னதற்கு, "அழுக்காயிடும்டி" என்று தரையில் உட்கார்ந்தாய்.

"நாலு வீட்டு மாட்டுக்குப் பருவம் தப்பிப் போச்சு செல்வி. அதுல ஒருத்தங்க அழுதுட்டாங்க."

"அடி ஒண்ணும் படலையே?"

"எனக்கு என்ன. இந்த ஸ்கூட்டர் வேணாம். பெட்ரோலையும் குடிக்குது, சேத்துலயும் நிக்குது. எனக்கு நீ ஒரு வண்டி பண்ணிக் குடு."

நான் ஷோரூமில் நின்ற புது மோட்டார் சைக்கிள்களைக் காட்டினேன். ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கினாய். சீட் உயரம், கால் எட்டவில்லை. எட்டியதில் ஜாடியைப் பின்னால் கட்ட வேண்டும். கட்டினால் அதன்மேல் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. மேலும் பின்சக்கரத்துக்கு மேலே ஜாடி வைத்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் அது தூக்கிப்போடும். "ஜாடி என் கண்ணு முன்னாடி, கீழே, நடுவுல இருக்கணும். சக்கரம் பெருசா இருக்கணும். கியர் வேணும். ஒரு லிட்டர் போட்டா ஒரு நாள் ரவுண்டு முடியணும்" என்றாய். எங்கள் விற்பனைப் பையன்கள் சிரித்தார்கள். உலகத்தில் இல்லாத வண்டியைக் கேட்கிறாள் என்றார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. அந்த நிமிடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

முதல் மூன்று மாதம் உன் டீசல் பைத்தியத்தோடு போனது. யார் சொன்னார்களோ, பம்புசெட் டீசல் எஞ்சினை ஒரு பழைய பெரிய வண்டியின் ஃப்ரேமில் ஏற்றினால் லிட்டருக்கு எங்கேயோ போகும் என்று உன் தலைக்குள் ஏறிவிட்டது. கீழவாசல் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் இஸ்மாயில் பாயிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாய். பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பண்ணலாம்மா. ஆனா அந்த அதிர்வுல உங்க ஜாடியில இருக்கறது தயிரு மாதிரி ஆயிடும். கீழ விழுந்தா வண்டியத் தூக்க நாலு ஆம்பளை வேணும்" என்றார். நீ அவரிடம் தலையை ஆட்டிவிட்டு வந்தாய். திரும்பும் வழியெல்லாம் என்னிடம்தான் கோபித்துக்கொண்டாய், ஏதோ டீசல் எஞ்சினின் எடையை நான்தான் தீர்மானித்தவள் போல.

எனக்குப் பிடிவாதம் பிடிக்காது என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்படி இல்லை. உன் பிடிவாதம் ஒரு இடத்தில் நிற்காது என்பதுதான் என் பிரச்சினை. டீசலை விட்டாய், அடுத்த வாரமே பேட்டரி என்றாய். அதற்கடுத்த வாரம், "பேட்டரி வேணாம், கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்" என்று நீயே சொன்னாய். ஒவ்வொரு தடவையும் நான் உட்கார்ந்து எடை, பல்சக்கரம், டேங்க் என்று கணக்குப் போட்டு முடிக்கும்போது நீ வேறு ஒன்றுக்குப் போயிருப்பாய்.

ஃப்ரேம் மட்டும் நமக்கு அதிர்ஷ்டமாக அமைந்தது. ஒரு காலத்தில் ஒரு கம்பெனி, பெண்களும் ஏறுவதற்கு வசதியாக, நடுவில் குழிந்த ஃப்ரேமில் நூறு சிசி எஞ்சினை வைத்து ஒரு வண்டி விட்டிருந்தது. பெரிய சக்கரம், நாலு கியர், காலைத் தூக்காமல் ஏறலாம். நம் பக்கத்தில் யாரும் வாங்கவில்லை. மோட்டார் சைக்கிளும் இல்லை, மொபெட்டும் இல்லை என்று ஒதுக்கிவிட்டார்கள். கம்பெனியும் நிறுத்திவிட்டது. அம்மாப்பேட்டைப் பக்கம் நீ ஊசி போடப் போன ஒரு வீட்டு வைக்கோல் கொட்டகையில் அது நின்றிருக்கிறது. மாட்டைப் பார்க்கப் போனவள் வண்டியைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் போட்டாய். "நடுவுல குழிஞ்சிருக்குடி. ஜாடி அப்படியே உக்காரும்."

நான் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடி வந்தேன். இஸ்மாயில் பாய் தன் சின்ன லாரியோடு வந்தார். வைக்கோலை ஒதுக்கிப் பார்த்தால் சீட்டின் மேல் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்கள். "குஞ்சு பொரிச்சப்புறம் எடுத்துக்கங்கம்மா. இப்ப கலைச்சா அது மறுபடி உக்காராது."

"முட்டையை வேற இடத்துல வெச்சா?" என்று கேட்டேன்.

நீ என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. "அடைக்கோழியை எழுப்புவியா? இத்தனை நாள் பொறுத்தாச்சு, இன்னும் கொஞ்சம் பொறேன்."

நான் லாரி வாடகையையும் லீவையும் நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீ கோழிக்கு ஒரு கை நொய் போட்டாய். வெறும் லாரியில் பாய், நான், நீ மூவரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து திரும்பினோம். பாய் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே ஓட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை என்று எழுத நினைத்தேன்; எழுதும்போது கொஞ்சம் வருகிறது.

கோழி குஞ்சுகளோடு இறங்கிய பிறகு வண்டி பட்டறைக்கு வந்தது. ஃப்ரேம் நேராக இருந்தது, ஆர்.சி. புத்தகமும் அந்த அம்மா பத்திரமாக வைத்திருந்தார்கள். எஞ்சின்தான் இறுகிப்போயிருந்தது. பிஸ்டன் அசையவில்லை. ஆக, மேடை கிடைத்துவிட்டது, அதில் எந்த எஞ்சின் என்பதுதான் கேள்வி. அங்கேதான் நம் உண்மையான சண்டை ஆரம்பித்தது.

நான் சொன்னது: அதே கம்பெனியின் புது எஞ்சின், கார்புரேட்டர் இல்லாத, இன்ஜெக்ஷன் வைத்தது. பெட்ரோலை அளந்து தெளிக்கும், காலையில் ஒரே தட்டில் எழும், மைலேஜ் ஏறும். தினமும் என் கையில் வரும் வண்டிகளில் பார்க்கிறேன். பிடிமானங்களைக் கொஞ்சம் மாற்றினால் அந்த ஃப்ரேமில் உட்காரும்.

நீ சொன்னது: அதே பழைய வகை, கார்புரேட்டர் வைத்த நூறு சிசி. "தண்ணிக்குள்ள போயி வண்டி நின்னா கார்புரேட்டரைக் கழட்டித் துடைச்சு மாட்டிட்டுப் போவேன். உன் இன்ஜெக்ஷன் நின்னா என்ன பண்ணுவேன்? உனக்கு போன் பண்ணுவேன். நீ கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வரணும். அதுக்குள்ள மாடு கத்தறதை நிறுத்திடும்."

"அது நிக்காதுடி. உனக்குப் புதுசுன்னாலே பயம்."

"உனக்குப் பழசுன்னாலே அசிங்கம்."

இதற்குப் பிறகு ஒரு வாரம் நாம் பேசவில்லை. பாய்தான் இரண்டு பேரையும் கூப்பிட்டு, வாயால் பேசி என்ன, ஓட்டிப் பாருங்கள் என்றார்.

அந்தச் சோதனை நாள் எனக்கு முழுசாக ஞாபகம் இருக்கிறது. மாசி மாசம், சம்பா அறுப்பு முடியும் நேரம். பாயின் பழைய கார்புரேட்டர் வண்டியின் டேங்க் குழாயைப் பிடுங்கி, ஒரு லிட்டர் பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ஹேண்டில் பாரில் தலைகீழாகக் கட்டினோம். அந்த பாட்டில் தீரும்வரை ஓட்டினால் லிட்டருக்கு எவ்வளவு என்று தெரிந்துவிடும். நீ ஓட்டினாய், நான் என் இன்ஜெக்ஷன் வண்டியில் பக்கத்தில் வந்தேன். கல்லணைக் கால்வாய்க் கரையோடு போனோம். ஊருக்கு ஊர் தார் ரோட்டில் நெல்லைக் காயப் போட்டிருந்தார்கள். நெல்லுக்கு ஒதுங்கி, வைக்கோல் கட்டு வண்டிக்கு ஒதுங்கி, ஆட்டு மந்தைக்கு நின்று, உனக்குத் தெரிந்த ஒவ்வொரு வீட்டு வாசலிலும் "எங்கக்கா போறீங்க, என்னக்கா இது பாட்டிலு?" என்று நிறுத்தப்பட்டு, சொட்டுச் சொட்டாகப் பெட்ரோலும் போனது, என் பொறுமையும் போனது. கடைசியில் வண்டி இருமி நின்ற இடத்தில் சுற்றிலும் அறுத்த நெல்லின் தாள் மட்டும்தான். நீ மீட்டரைப் பார்த்து, "அறுபத்தி ஆறு" என்றாய், வெற்றி பெற்ற குரலில்.

"இது கணக்கே இல்லை. நீ பாதி நேரம் ரெண்டாவது கியர்லதான் வந்தே."

"நான் தினமும் அப்படித்தானே போறேன். எனக்கு உன் ஹைவே கணக்கு எதுக்கு?"

என் வண்டியில் பாட்டில் கட்ட முடியாது. அதன் பம்பு டேங்க்குக்குள்ளேயே இருக்கிறது. பங்க்கில் வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி வாய்வரை நிரப்பிப் பார்த்தோம். முதல் தடவை எனக்குச் சாதகமாக வந்தது. அடுத்த தடவை பங்க்கில் நின்றவர் நுரை அடங்குவதற்குள் மூடிவிட்டார், எல்லாம் குளறுபடி. "உன் இன்ஜெக்ஷன் ஒரு நாளைக்கு ஒரு பேச்சு பேசுது" என்றாய். நான் பங்க்கிலேயே கத்தினேன். நீ நிதானமாகக் கரும்புச் சாறு வாங்கிக் குடித்தாய். என்னிடம் ஒரு டம்ளரை நீட்டினாய். ஐஸ் போடாமல் வாங்கியிருந்தாய். எனக்குப் பல் கூசும் என்று உனக்குத் தெரியும். அந்தக் கோபத்திலும் அதை வாங்கிக் குடித்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நாம் ஒத்துப்போனோம். நம் ஊர் தட்டையான ஊர். மேடு என்றால் ஆற்றங்கரையும் பாலமும்தான். ஆகவே எஞ்சின் அடித்துக்கொள்ளாமல் வண்டி நழுவிப் போகிற மாதிரி, முன் பல்சக்கரத்தில் ஒரு பல் கூட்டலாம் என்று நான் சொன்னபோது நீ மறுக்கவில்லை. ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஜாடிக்குத் தொட்டில் வரைந்தோம். பாய் அதைத் தகடும் ரப்பரும் வைத்து அடித்துக் கொடுத்தார். வெறும் ஃப்ரேமில் ஜாடியை வைத்துத் தள்ளிப் பார்த்தாய். அது அசையவில்லை. நீ அதன் தலையில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாய். எஞ்சின் இல்லாத வண்டியில் அவ்வளவு சந்தோஷமாக யாரும் நின்று நான் பார்த்ததில்லை.

அதன் பிறகும் எஞ்சின் முடிவாகவில்லை. மோட்டார் வாகன அலுவலகத்தில் கேட்கலாம் என்றேன்; அங்கே ஒருவர் ஒன்று சொன்னார், அடுத்த முறை இருந்தவர் வேறு சொன்னார். ஆடி வந்தது, ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்று விட்டார்கள், நட்டார்கள். நீ இன்னும் அந்த ஸ்கூட்டரிலேயே போய்க்கொண்டிருந்தாய். ஐப்பசியில் மழை பிடித்தது.

இந்த இடத்தை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எழுதாமல் விட்டால் உன்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி யாருக்கும் புரியாது.

அந்த மழையில் வெட்டாற்று ஓரத்து ஊர்களில் தெருவெல்லாம் தண்ணீர். ஸ்கூட்டரை ரோட்டில் விட்டுவிட்டு ஜாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நடந்து போயிருக்கிறாய். காலில் பித்தவெடிப்பு. காய்ச்சல் வந்தது. போனில் குரலைக் கேட்டதுமே, "டாக்டர்கிட்ட போ" என்றேன்.

"மாத்திரை போட்டிருக்கேன். சரியாயிடும். கெண்டைக்கால் மட்டும் பிச்சு எடுக்குது."

"போடி, போய்க் காட்டு."

"ரெண்டு மாடு இருக்கு. முடிச்சுட்டுப் போறேன்."

மறுநாளும் அதையே சொன்னாய். அதற்கு மறுநாள் உன் கண் இரண்டும் சிவந்துபோய், பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். எலிக்காய்ச்சல் என்றார்கள். வயலிலும் தெருவிலும் தேங்கிய தண்ணீரில் எலி மூத்திரம் கலந்து, வெடிப்பு வழியாக உடம்பில் ஏறுகிற காய்ச்சல். சீக்கிரம் வந்தால் மருந்துக்குக் கேட்கும். உனக்குச் சிறுநீரகம் வரைக்கும் போயிருந்தது. மாட்டுக்கு ஒரு வேளை தீனி குறைந்தால் கண்டுபிடிக்கிறவள், உன் உடம்பு சொன்னதை மட்டும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் யாரும் உன்னை வா என்று வற்புறுத்தவில்லை. நான் பிறகு போய்க் கேட்டேன். "காய்ச்சலோட வர வேணாம்னுதாம்மா சொன்னோம்" என்று அழுதார்கள். நீயாகத்தான் போனாய்.

அன்று சாயங்காலம் உன் கட்டில் பக்கத்தில் நான் இருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாய். நர்ஸ் வந்து, "இன்ஜெக்ஷன் போடணும்மா, கையைக் காட்டுங்க" என்றார். நீ என் பக்கம் தலையைத் திருப்பினாய். உதடு காய்ந்திருந்தது. அந்த நிலையிலும் உன் கண்ணில் குறும்பு எட்டிப் பார்த்தது.

"வேணாம்னு சொல்லு செல்வி."

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்துவிட்டேன். நர்ஸ் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நீ என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்த பிறகு பட்டறைக்கு வந்து ஃப்ரேமைப் பார்த்தார். ஜாடித் தொட்டிலைத் தொட்டுப் பார்த்தார். "போன்ல தினமும் இந்த வண்டி கதைதாங்க. உங்களைத் திட்டிக்கிட்டே இருப்பா" என்றார். பிறகு, "என்ன பண்ணலாம்ங்க இதை?" என்று கேட்டார்.

"முடிக்கிறேன்" என்றேன். துக்கத்தில் சொன்னதாக அவர் நினைத்திருப்பார். ஆத்திரத்தில் சொன்னேன். இவ்வளவு தூரம் இழுத்தடித்து, என்னைப் பாடாய்ப் படுத்தி, கடைசியில் பதிலே சொல்லாமல் போவதற்கு உன்னை யார் விட்டது?

இனி மறுத்துப் பேச ஆள் இல்லை. எனக்குப் பிடித்த எஞ்சினை நான் வைத்துக்கொள்ளலாம். சந்தோஷமாக இன்ஜெக்ஷன் எஞ்சினை எடுத்து வந்து ஃப்ரேமில் பிடித்துப் பார்த்தேன். பிடிமானம் ஒத்துவந்தது. ஆனால் அதன் பம்புக்கு வேறு டேங்க் வேண்டும். அந்த டேங்க் வைத்தால் ஜாடித் தொட்டில் இரண்டு விரல் மேலே ஏற வேண்டும். அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியை எங்கே வைத்தாலும், குழிந்த ஃப்ரேம் ஆனதால், தண்ணீர் அடிக்கிற உயரத்திலேயே வந்தது. வாகன ஆய்வாளரும் ஆர்.சி.யில் உள்ள வகை எஞ்சின் என்றால் பார்க்கலாம், வேறு வகை என்றால் முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு கதவாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் திறந்திருந்தது உன் கதவு ஒன்றுதான். நான் உனக்காக விட்டுக்கொடுத்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. விட்டுக்கொடுக்கும் பாக்கியம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. நீ இருந்து, "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் நாலு பேச்சு பேசி, அதோடு முடிந்திருக்கும். இப்போது அது முடியாமல் கிடக்கிறது.

அதே வகை எஞ்சின் ஒன்றைத் தேடிப் பிடித்து, பாய் உள்ளே எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். ஆய்வாளர் ஜாடித் தொட்டிலைப் பார்த்து இது என்ன அது என்ன என்று திருப்பி அனுப்பினார். திருகாணியில் கழற்றி மாட்டுகிற மாதிரி மாற்றிக் கொண்டு போனோம், ஒப்புக்கொண்டார். வண்டி ரோட்டுக்கு வந்தது. நாம் ஆசைப்பட்ட மைலேஜ் வரவில்லை. நாம் கூட்டிய அந்த ஒரு பல், தட்டையான ரோட்டில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஜாடியோடு ஈரமான ஆற்றங்கரையில் ஏறும்போது எஞ்சின் திணறியது, கிளட்ச் கருகியது. நாம் இரண்டு பேரும் சண்டை போடாமல் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம், அதுதான் தப்பாகப் போனது. பழைய பல்சக்கரத்தையே மாட்டினேன். லிட்டருக்கு அறுபதைத் தாண்டிக் கொஞ்சம் போகிறது. ஒரு நாள் ரவுண்டுக்குப் போதும். போதும் என்பதுதான் எனக்கு எரிச்சல். இன்னும் வரும், எனக்குத் தெரியும். உன்னோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியிருந்தால் வந்திருக்கும்.

உன் ஊர்களை இப்போது மலர் பார்க்கிறாள். பயிற்சியில் உனக்குப் பின்னால் வந்தவளாம். முப்பது வயதிருக்கும், மயிலாடுதுறைப் பக்கத்துப் பெண். உன் வீட்டுக்காரர் சம்மதத்தோடு வண்டியை அவளிடம் கொடுத்தேன். போன மழைக்காலம் முழுக்க ஓட்டினாள். ஜாடி ஒரு தடவைகூடச் சாயவில்லை. இரண்டு முறை தண்ணீரில் நின்றதாம், ஓரத்தில் வைத்துக் கார்புரேட்டரைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனாளாம். மாதம் ஒரு தடவை சர்வீஸுக்குக் கொண்டு வருவாள். சோபாவில் உட்காருவாள், டீ கேட்டு வாங்கிக் குடிப்பாள். உன்னைப் போல இல்லை. அதுவே ஆறுதல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மத்தியானம் வந்தாள். பழைய பெட்ரோல் வாடை இன்னும் போகாமல் இருந்தது, எனக்குத் தலைவலி. அவள் என் மேஜைமேல் போனை வைத்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"அக்கா, இந்த ஃப்ரேமுக்கு கரண்ட் மோட்டார் வெச்சா எப்படி? பெட்ரோலே வேணாம். சத்தமும் இல்லை, மாடு மிரளாது."

"கரண்ட் எப்ப போகும்னு யாருக்குத் தெரியும்?"

"இப்பல்லாம் முன்ன மாதிரி போறதில்லைக்கா."

"புயல் வந்தா நாலு நாள் இருக்காது. தெரியுமா உனக்கு? தண்ணிக்குள்ள வண்டி நின்னா யாரு தெறப்பா? எனக்கு போன் பண்ணுவே. நான் வர்றதுக்குள்ள மாடு கத்தறதை நிறுத்திடும்."

சொல்லி முடித்த பிறகுதான் என் குரல் எனக்கே கேட்டது. பக்கத்து மேஜைக் கணக்காளர் நிமிர்ந்து பார்த்தார். பத்து வருடமாகப் புது எஞ்சின்களை விற்றும் பழுது பார்த்தும் சம்பளம் வாங்குகிறவள் நான். புதுசுக்காக உன்னிடம் மன்றாடியவள் நான். அதே நான், ஒருத்தி புதுசைக் கேட்டதும், உன் வாயைக் கடன் வாங்கிக்கொண்டு பேசுகிறேன். இதைத்தான் நீ எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

மலர் அசரவில்லை. போனை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "சார்ஜ் போடற வீடு எதெதுன்னு பாத்து வெச்சிருக்கேன்க்கா. பேட்டரியை மேல ஏத்தி வெச்சா தண்ணியும் எட்டாது. நாளைக்கு வரேன், உக்காந்து பேசலாம்."

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லை."

"நீங்க ஒத்துக்கற வரைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

வரட்டும். நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை.